கடலை மண்டியில நான் கம்ப்யூட்டர் பழகின வாரம்

மூத்த பேத்தி சுகன்யா ஆடிட்டர் பரீட்சை பாஸ் பண்ணிட்டா. பேரன் கார்த்திக்கு சென்னையில வேலை கிடைச்சாச்சு. சின்னவ நிலா ஸ்கூல்ல கணக்குல முதல் மார்க். கண்ணு படாம இருக்கணும்...

போன வாரம் சுகன்யா லேப்டாப்ல கட்டம் கட்டமா என்னமோ தட்டிக்கிட்டு இருந்தா. "பாட்டி, இதுக்குப் பேரு ஸ்ப்ரெட்ஷீட்"னா. எனக்குத் தெரியும்டி, உங்கம்மா பாவாடை சட்டையில திரிஞ்சப்பவே தெரியும்னேன். நம்பல. அதான் நம்ம குடும்ப குரூப்ல எழுதறேன்.

மண்டியில கம்ப்யூட்டர் வெச்சிருந்த ஏசி ரூம்ல கால் வெச்சதும் உள்ளங்கால் சில்லுன்னு ஆகும். செருப்பை வெளியிலயே விடணும். கறுப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்து. ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் ஓரத்துல காய்ஞ்சு கிடக்கும்...

எண்பதுகளோட கடைசி. திருச்சியில ஒரு கடலை மண்டி. ஸ்ரீரங்கத்துல இருந்து தினம் பஸ்ல வருவேன். கடலை உடைக்கத்தான் சேர்ந்தேன். அப்புறம் வாசல்ல நின்னு மூட்டை எண்ணுற வேலை குடுத்தாங்க. படிச்சது அஞ்சாவது. ஏபிசிடி தெரியும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் பாத்துக்கிட்ட பொண்ணு கல்யாணம் ஆகி பம்பாய் போயிடுச்சு. மெஷின் துணி போத்திக் கிடந்துச்சு. முதலாளி, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளா வெச்சு வாசல் எண்ணிக்கையையும் அவங்ககிட்டயே விட்டுடப் போறேன்னாரு. அப்ப நான்? திரும்பவும் கடலை உடைக்கணும். நகக்கண்ணெல்லாம் வெடிச்சு, சோறு பிசைஞ்சா எரியும்...

ஒரு வாரம் குடுங்க, நான் பழகிப் பாக்கறேன்னு கேட்டேன். சிரிச்சாரு. ஆனா சரின்னாரு.

சாப்பாட்டு நேரத்துல போய் உக்காருவேன். மேல ஏ, பி, சி. பக்கத்துல ஒண்ணு, ரெண்டு, மூணு. அட, சினிமா தியேட்டர் சீட் நம்பர் மாதிரின்னு புரிஞ்சுது. அந்தப் பொண்ணு கூட்டல் போடறப்ப @ குறி தட்டுறதைப் பாத்திருக்கேன். தட்டித் தட்டி, பீப் பீப்னு திட்டு வாங்கி, ஒருநாள் கீழ தானா கூட்டிக் காட்டுச்சு. ரூம்ல தனியா சிரிச்சேன்.

வாரக் கடைசியில மருங்காபுரியில இருந்து நாலு லாரி வந்துச்சு. எல்லா மூட்டைக் கணக்கையும் மெஷின்ல ஏத்தினேன். லாரியோட வந்த சீட்டுல இருக்கறதைவிட ஸ்கிரீன்ல நாலு மூட்டை குறைச்சல்.

முதலாளி லோடுமேன்களைத் திரும்பிப் பாத்தாரு. மேஸ்திரி சேவியர் அண்ணனுக்கு முகம் சிவந்துபோச்சு. "ஏம்மா, நாலு மூட்டையை நாங்க வேட்டியிலயா முடிஞ்சு வெச்சிருக்கோம்?"

எண்ணிப் பாத்தா எல்லா மூட்டையும் இருக்கு.

"போதும், மெஷினை மூடிட்டு நாளையிலேருந்து கடலை உடைக்கப் போ" ன்னாரு முதலாளி.

சாயங்கால லாரி வரைக்கும் டைம் கேட்டு உக்காந்தேன்.  நாலு லாரி, நாலு மூட்டை... லாரிக்கு ஒண்ணு...

மண்டியில முதல் மூட்டையை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். "லாபம்"னு சொல்லி இறக்குவோம், அப்புறம்தான் ரெண்டு, மூணு. எழுதறப்பவும் அந்த மூட்டைக்குத் தனிக் கட்டம், அதுல லாபம்னுதான் எழுதுவோம், மீதி மூட்டை எத்தனைன்னு அடுத்த கட்டத்துல. நானும் அதே மாதிரி ஏபிசிடியில LABAMனு தட்டி வெச்சிருக்கேன். எழுத்தை அது எப்படிக் கூட்டும்?

ஒரு கட்டத்துல அழிச்சிட்டு 1 போட்டேன். கீழ மொத்தம் ஒண்ணு ஏறுச்சு. அடுத்தது... அடுத்தது... சீட்டும் ஸ்கிரீனும் ஒண்ணாச்சு.

சாயங்காலம் அஞ்சாவது லாரி. சேவியர் அண்ணன் வெளியில "லாபம்"னு குரல் குடுத்தாரு. நானும் வாயால லாபம்னு சொல்லிக்கிட்டே, விரலால 1 தட்டினேன். கணக்கு டாண்ணு நின்னுச்சு.

முதலாளி ரெண்டு தடவை பாத்தாரு. "நாளையிலேருந்து இந்த சீட்லயே உக்காருங்கம்மா" ன்னாரு. அதுவரைக்கும் என்னை 'வா', 'போ'ன்னுதான் சொல்வாரு.

அந்த சீட்ல உக்காந்துதான் ரெண்டு பொண்ணுங்களையும் காலேஜ் வரைக்கும் படிக்க வெச்சேன்.

இப்ப செல்போன்லயே அந்தக் கட்டமெல்லாம் வருது. படுத்துக்கிட்டே பாக்குறாங்க. நல்லதுதான்... ஆனா கட்டத்துல மொத்தம் தானா மாறினப்ப எனக்கு வந்த சிலிர்ப்பு இதுங்களுக்கு வருமான்னு தெரியல.

அந்த சீட்ல நான் இருக்கற மாதிரி ஒரு போட்டோ கூட கிடையாது. யாரு எடுத்தா அப்ப?

அதனால சுகன்யா கண்ணு, உன் ஆபீஸ் சீட்ல உக்காந்து, ஸ்கிரீனும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து இங்க போடு. இங்க எல்லாரும் போடற கல்யாண போட்டோவையே எத்தனை நாளைக்குப் பாக்குறது... புதுசா வேணும்.