பெயர் தெரியாத மொழியில் ஒரு குல்லா

2009-ஆம் வருடம், மழைக்காலம். அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் இல்லாத நேரத்தில் கொக்கி ஊசியால் பின்னும் வெளிநாட்டு குரோஷா பேட்டர்ன்களைத் தேடிப் பிடித்து, வீணான தாள்களின் பின்பக்கத்தில் பிரின்ட் எடுத்துச் சேர்ப்பேன். ஆமாம், ஆம்பிளைதான். கால் முறிந்து கட்டிலில் கிடந்தபோது பொழுது போகட்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா கற்றுக்கொடுத்தது. கால் சரியான பிறகும் அந்தக் கொக்கி ஊசி என்னை விடவில்லை.

ஜப்பான் மொழி, ரஷ்ய மொழி, இன்னும் எந்த நாட்டுடையது என்றே தெரியாத மொழிகள். ஓர் எழுத்தும் புரியாது. ஆனால் கூடவே படம் போட்டிருப்பார்கள். வட்டம் என்றால் சங்கிலிப் பின்னல், பெருக்கல் குறி என்றால் நெருக்கமான பின்னல். அதை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். கடலூரில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இதில் ஒரே கிண்டல். "படிக்கத் தெரியாத பேப்பரையெல்லாம் சேத்து வைக்கிறீங்களே மச்சான், எடைக்குப் போட்டா டீ செலவுக்காவது ஆவும்ல" என்பார். சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அந்த மழையில்தான் அவரிடமிருந்து போன் வந்தது. வளைகாப்பு போட்டுத் தங்கச்சியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதற்குள், எட்டு மாதம் நிறையும் முன்பே, குழந்தை பிறந்துவிட்டது. நானும் அம்மாவும் விழுந்தடித்துக்கொண்டு கடலூர் ஓடினோம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். இன்குபேட்டர் பெட்டிக்குள் ஒரு கையளவு உயிர், மூக்கில் குழாய்.

"குழந்தைக்குச் சூடு நிக்க மாட்டேங்குது. தலை வழியாத்தான் ஜாஸ்தி போவுது. தலைக்குச் சரியா நிக்கிற மாதிரி ஒரு குல்லா கொண்டாங்க" என்றார் நர்ஸ். மாப்பிள்ளை மழையில் நனைந்து கடை கடையாக ஏறி வாங்கி வந்த குல்லாக்கள் எல்லாம் குழந்தையின் மோவாய் வரை இறங்கின. துணியைச் சுற்றினால் நழுவியது. பிறப்பதற்கு முன் குழந்தைக்கென்று எதுவும் தைக்கவோ பின்னவோ கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் என்னிடமும் ஒன்றும் தயாராக இல்லை. தாளைப் பார்த்தால்தான் எனக்குக் கை ஓடும்; சொந்தமாகப் பின்ன வராது.

சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டுக் கட்டாகத் தாள்களைத் தரையில் பரப்பினேன். இருந்த குல்லாக்கள் எல்லாம் கொழுகொழு குழந்தைகளுக்கானவை. கடைசியில், பொம்மை உடுப்பு என்று ஒதுக்கி வைத்திருந்த கட்டைப் பிரித்தேன். அதில் ஒரு தாள். எந்த மொழியோ. துளியூண்டு குல்லா; ஓரத்தில் மங்கலாக ஒரு போட்டோ. கண்ணாடிப் பெட்டிக்குள் குல்லா போட்ட பொம்மை. கடையில் விற்பனைக்கு வைத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பொம்மையின் மூக்கில் குழாய் இருப்பதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனில் அம்மாவிடம் சொன்னால், அந்த நேரத்திலும் அவருக்குச் சாஸ்திரம். "புது நூலு வேணாம்டா, மொத மொத பழசத்தான் போடணும்." சண்டை போட நேரமில்லை. எனக்காக நானே பின்னி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த பருத்தி மஃப்ளரைப் பிரித்தேன். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டே போனேன். ஒரு ஆம்பிளை இப்படிப் பின்னுவதை பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது. ஆலப்பாக்கம் வருவதற்குள் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, உலர்த்தி, உள்ளே கொண்டுபோய் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் காலையில் அவரே வெளியே வந்து, "இப்ப சூடு நிக்குது, பயப்படாதீங்க" என்றார். தங்கச்சி அப்போதுதான் ஒரு வாய் இட்லி சாப்பிட்டாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுக்கானா மாத்தணுமே மச்சான், இன்னொண்ணு போடுங்க. உங்களுக்கு எந்த நூலு வேணும்னு சொல்லுங்க, நான் வாங்கியாறேன்."

குழந்தை பிழைத்து, வளர்ந்து, இன்று என்னையே அதட்டுகிறாள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் எங்கோ ஒரு தேசத்தில், என்னைப் போலவே ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தவித்த யாரோ ஒருவர், அடுத்தவர் தவிக்க வேண்டாம் என்றுதான் அதை எழுதியிருப்பார். ஆணோ பெண்ணோ, என் தங்கச்சி மகளுக்கு அவரும் ஒரு தாய்மாமன்தான்.