அரிசி ஊறும் வீட்டுக்குப் பூட்டு

திருப்பதியில் முப்பது வருடம் பூட்டு ரிப்பேர், டூப்ளிகேட் சாவி வேலை பார்த்தேன். கண் மங்கியதால் கடையை மூடிவிட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன். முதலாவதில் தப்பு என்னுடையது.

1. எட்டிப் பார்க்காத வீடு

ஒரு ஓனர் கூப்பிட்டார். "குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க, சாவி தரல. பூட்ட மாத்து" என்றார். மாற்றினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் அதே வழியாக வந்தேன். படிக்கட்டில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. யூனிஃபார்ம் போட்ட சின்னப் பெண் நான் போட்ட பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் வண்டியை நிறுத்தவில்லை. அவர்கள் அன்று எங்கே தங்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

2. தமிழ்க் கையெழுத்து

போன வருடம் வேறொரு ஓனர் மதியத்தில் கூப்பிட்டார். இவர் கையில் பேப்பரே இருந்தது. 'என் விருப்பப்படி வீட்டைக் காலி செய்துவிட்டேன்' என்று தெலுங்கில் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து மட்டும் தமிழில்.

பூட்டைத் திறந்தேன். இந்த முறை உள்ளே போனேன். ஒரு குண்டானில் அரிசியும் பக்கத்தில் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. கொடியில் துணி ஈரமாக இருந்தது.

"யோவ், உள்ள என்னா வேல? ரெண்டு மாசமா வாடகை வரல. பூட்ட போட்டுட்டு காச வாங்கிக்கினு போய்க்கினே இரு" என்றார் ஓனர்.

"ஊறப் போட்ட அரிசிய யாரு சார் துன்றது? நீங்களா?"

அதற்குள் படியேறி ஒரு பெண் வந்தார். லாட்ஜில் கூட்டிப் பெருக்கும் வேலை. சொந்த ஊர் திருத்தணி. கணவருக்குத் தடா என்ற ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை போய்விட்டது, வேறு வேலை தேடி நாயுடுபேட்டை போயிருந்தார்.

"யாருண்ணா எங்க வூட்ட தொறந்தது?"

பேப்பரைக் காட்டி, "இது நீ போட்ட கையெழுத்தாம்மா?" என்றேன்.

"நான்தாண்ணா போட்டேன். ஒரு மாசம் டைம் கேட்டு எழுதுன லெட்டருன்னு சார் சொன்னாரு."

அதில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். கேட்டதும் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இனிமே உள்ள போவ முடியாதாண்ணா?"

"உள்ள போம்மா. கோர்ட் ஆர்டர் இல்லாம உன்ன ஒருத்தனும் வெளிய தள்ள முடியாது."

"போலீஸக் கூப்புடுவேன்" என்றார் ஓனர்.

"கூப்புடுங்க. இந்தப் பேப்பரையும் காட்டுங்க."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் ஆபத்து இருந்தது. ஆள் குடியிருக்கும் வீட்டைத் திறந்தவன் நான். கேஸ் என்றால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள். ஓனர் போனை எடுத்தார், பார்த்தார், மறுபடி பாக்கெட்டில் போட்டார். "நீ இல்லன்னா வேற ஆளு கிடைக்காமலா போவான்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அந்தப் பெண்ணால் வீட்டை விட்டு நகர முடியவில்லை. கணவர் வரும்வரை நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை, சம்பளம் போயிற்று. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாராம்.

கணவர் வந்ததும் கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி ஆபீசுக்கு அனுப்பினேன். பெண்களுக்கு அங்கே வக்கீல் ஃபீஸ் கிடையாது. பேப்பர் ஏமாற்றி வாங்கியது, பூட்டை மாற்றவோ தண்ணீர், கரண்டை நிறுத்தவோ கூடாது என்று ஓனருக்கு நோட்டீஸ் போனது. வாடகை பாக்கி அதனால் தள்ளுபடி ஆகிவிடாது. முடிந்ததைப் பேங்க் வழியாக அனுப்பினார்கள், மிச்சத்தை அட்வான்ஸில் கழித்தார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களே வேறு வீடு பார்த்துப் போனார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களே, படிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு நல்ல ஓனராக இருந்தாலும் சரி.

பூட்டு வேலைக்கு வருகிறவர்களே, உள்ளே போய்ப் பார்க்காமல் பூட்டை மாட்டாதீர்கள். அந்த ஓனர் சொன்ன வேற ஆள் எப்போதும் கிடைப்பான். முதல் வீட்டுக்குக் கிடைத்தவன் நான்தான்.