தங்கவேலும் சீனாப் பெட்டியும்

திருத்தணியில் வீடுகளுக்கு நெட் இணைப்பு கொடுப்பவர் தங்கவேல். வெளிநாட்டு நெட் கருவிகளுக்கு அரசு கட்டுப்பாடு என்று செய்தி வந்ததிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று.

"இந்த வைஃபை பெட்டி சீனாவாமே! வேவு பாக்குமாம். கழட்டி எடுத்துக்கினு போங்க!" என்று போனில் கத்தினாள் ஜவுளிக்கடை அம்சா.

ஓடி வந்தவர் அவள் வீட்டு வாசலில் நின்றபடியே தன் போனில் 'முருகா123' என்று அடித்தார். நெட் கிடைத்துவிட்டது. ஊரில் பாதி வீட்டுக்கு இதுதான் பாஸ்வேர்டு. மாற்றச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"பாத்தீங்களாக்கா? சீனாக்காரன் எதுக்கு? மலைக்கு வர்ற காவடிக்காரனே உள்ள பூந்துடுவான்!" என்று எரிந்து விழுந்தார்.

அம்சா பதறினாள். "அய்யய்யோ, உடனே மாத்துங்க!"

"என்னான்னு வெக்கட்டும்?"

அவள் மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வள்ளி123."