கறுத்த பொட்டு

மனைவி செத்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வைக்கப் பெரிய படம் ஒன்று வேண்டியிருந்தது. மகள் தன் போனில் இருந்து ஒன்றை எடுத்தாள். ஸ்ட்ரெதத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் எடுத்தது. பச்சைச் சேலை, சிவப்புப் பொட்டு.

"அப்பா, இதை மோனோகுரோம் ஆக்கட்டா?"

"அப்பிடியெண்டா?"

"ஒரே நிறம். பின்னால பலூன் எல்லாம் கண்ணைக் குத்துது. ஒரே நிறமெண்டா அம்மா மட்டும் தெரிவா."

"கறுப்பு வெள்ளை எண்டு சொல்லன்."

"அதுவும்தான். ஆனா நீலத்திலயும் செய்யலாம், மண்ணிறத்திலயும் செய்யலாம். எந்த நிறமெண்டாலும் ஒண்டுதான். கடுமையும் மெல்லிசும்தான் மாறும்."

நான் துப்புரவு வேலை செய்யும் ஆபீஸில் பிரிண்டரில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மை மிச்சம் பிடிக்க என்று நினைத்திருந்தேன்.

கறுப்பு வெள்ளைக்குச் சரி என்றேன். அந்த நாட்களில் எது கேட்டாலும் சரி என்றுதான் சொன்னேன்.

படம் பிரேம் போட்டு வந்தது. மனைவியின் அக்கா கோலியர்ஸ் வுட்டில் இருந்து வந்து பார்த்தா. சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"என்ன தம்பி இது? பொட்டைக் கறுப்பாக்கி வச்சிருக்கிறியள். புருசன் இருக்கேக்க பொட்டோட போனவள்."

"பெரியம்மா, இது மோனோகுரோம்," என்றாள் மகள்.

"மோனோவோ மண்ணாங்கட்டியோ. சிவப்பு எங்கை?"

மகள் லாப்டாப்பைத் திறந்தாள். கறுப்பை எடுத்துவிட்டுச் சிவப்பைப் போட்டாள். முகம், தலைமயிர், சேலை எல்லாம் சிவப்பு.

"ஐயோ பிள்ளை, நெருப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. மூடு."

மகள் மூடினாள். சுடலையில் பெட்டி நெருப்புக்குள் போகப் பொத்தானை அழுத்தியது நான்.

"கறுப்பே இருக்கட்டும்," என்றேன்.

அக்கா சாமியறைக்குப் போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து என் கையில் தந்தா.

"நீங்களே வையுங்கோ."

விரலை நனைத்து, தொட்டு, படத்தின் கண்ணாடியில் வைத்தேன். கலியாணத்தன்று வைத்தேன். பெட்டியை மூட முன் வைத்தேன். இடையில் எல்லாம் அவளே வைத்துக்கொண்டாள்.

"இப்ப இது மோனோகுரோம் இல்லை, அப்பா."

"ஓம்."

கண்ணாடியில் குங்குமம் நிற்காது. காய்ந்தால் உதிர்ந்துவிடும். கீழே கறுப்புத் தெரியும். காலையில் வேலைக்குப் போக முன் பார்ப்பேன். உதிர்ந்திருந்தால் வைத்துவிட்டுப் போவேன்.