நடுத்துண்டில் வந்த மூன்றாவது

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். எழுபத்துமூன்று வயதில் பேய்க்கும் சகுனத்துக்கும் நான் ஒரு நிமிடம்கூடச் செலவழித்ததில்லை, எண்ண முடியாததை நம்பியதுமில்லை.

ஓய்வுக்குப் பிறகு கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் குழுவுக்குச் சோதனை செய்து கொடுத்துவந்தேன். புரோகிராமில் பிழை தேட உதவும் டிபக்கர் அது. கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஒரு சொல் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித் தரும். நடுவில் நினைவகமே ஒதுக்கப்படாத பள்ளம் வந்தால் அதைத் தாண்டிப் போய்த் தேட வேண்டும், அப்படித்தான் புதிதாகத் திருத்தியிருந்தார்கள். நான் ‘தேறியது’ என்று எழுதினால்தான் வெளியே போகும். கிழவனுக்கு எதற்கு இந்த வேலை என்று ஏற்கனவே இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தடுத்து மூன்று துண்டு நினைவகம் எடுத்து, முதலாவதிலும் மூன்றாவதிலும் ஒரு சொல்லை எழுதி, நடுத்துண்டை விடுவித்துப் பள்ளமாக்கினேன். விடை இரண்டு வர வேண்டும். நம்பினால் நம்புங்கள், ஜன்னலில் கல்வராயன் மலை பளிச்சென்று தெரிந்த பகல் பதினொன்றேகாலுக்கு, மூன்று வந்தது. கூடுதலாக வந்தது பள்ளத்தில். அந்த இடத்தைத் திறந்து காட்டு என்றால், அங்கே நினைவகமே இல்லை என்கிறது அதே டிபக்கர். அதற்கும் மூன்றாம் துண்டுக்கும் இடையே ஒன்பது இடம். மறுபடி ஓட்டினேன், இடைவெளி எட்டு. அணைத்துப் போட்டு ஓட்டினேன், ஏழு. எங்குமே எழுதாத ஒரு சொல்லைத் தேடச் சொன்னேன், பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஒன்று வந்தது, பள்ளத்தில்தான், ஆறு.

“இன்னாங்க, சோறு ஆறிக்கினு இருக்குது, அந்தப் பொட்டியையே மொறச்சிக்கினு இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“எண்ணிக்கினு இருக்கேன்.”

“எதத்தான் எண்ணாம வுட்டீங்க!”

இடைவெளி ஒன்று ஆனதும் நிறுத்தினேன். ‘தேறவில்லை, விடை மூன்று’ என்று எழுதி அனுப்பினேன்.

சென்னையிலிருந்து குழுத்தலைவி தமிழ்ச்செல்வி கூப்பிட்டாள், சின்னசேலத்துப் பெண். “சார், இங்க நாலு மிஷின்ல ஓட்டிட்டோம், ரெண்டுதான் வருது. கண்ணாடி மாத்தினீங்களா?”

“கண்ணு நல்லாத்தாம்மா இருக்குது. மூணு.”

“தேறியதுன்னு மாத்திடுங்க சார். இல்லன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்.”

“மாத்த மாட்டேன்.”

வேலை போயிற்று, போகட்டும்.

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம் அவளே கூப்பிட்டாள். “சார், உங்க சோதனைய இன்னிக்கு சும்மா ஓட்டினேன். மூணு வருது.”

“மூணாவது எங்கம்மா?”

“நடுவுல சார். அடுத்த துண்ட ஒட்டிக்கினு இருக்குது, இடைவெளியே இல்ல.”

இடைவெளி குறைந்துகொண்டே வந்ததை நான் எவரிடமும் சொன்னதில்லை. ஓட்டாதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள், “இருங்க சார், இன்னொரு தடவ பாக்கறேன்” என்றாள். தட்டும் சத்தம் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டாள்.

நன்றாகத்தான் இருக்கிறாள், பொங்கலுக்குக்கூடப் பேசினாள். அன்றைக்கு என்ன வந்தது என்று இதுவரை ஆறு தடவை கேட்டுவிட்டேன். ஆறு தடவையும், சாப்பிட்டீங்களா சார் என்கிறாள்.