எந்த ரத்தமும் சேராதபோது

முருகனை நம்பும் அன்பர்களே, நான் போர்ட் பிளேர் ஷாதிபூரில் குடியிருக்கும் சரோஜா. என் வீட்டுக்காரர் செல்வராசு வண்டூரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். போன வருஷம் ஆடி மாதம் அவர் பிழைப்பாரா என்றே தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். அப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கண் மஞ்சளானது. காமாலை என்று எண்ணி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். சிறுநீர் கறுத்துப் போனது. நங்கூரத்தை ஒற்றை ஆளாக இழுக்கிற மனுஷன், குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்தார். "மூச்சு வாங்குது புள்ள" என்றவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, உடனே ஏற்ற வேண்டும் என்றார்கள். படகுத்துறை ஆட்கள் ஓடி வந்தார்கள். ஜங்லிகாட் கடைக்காரர்கள் வந்தார்கள். தெலுங்கர், பெங்காலி, மலையாளி என்று யாரும் பாக்கியில்லை. அவருடைய ரத்த குரூப் உள்ளவர்களே பலர் இருந்தார்கள். ஆனால் லேபில் அவர் ரத்தத்தோடு கலந்து பார்த்தால் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றும் கட்டி கட்டியாகத் திரண்டது.

மெயின்லாண்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். மழையில் விமானம் ரத்து. வந்தாலும் அவர் உடம்பு பயணத்தைத் தாங்காது என்றார்கள். அவருடைய அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "இது யாரோ செஞ்ச வேலை சரோஜா. இல்லாட்டி இத்தனை பேர் ரத்தமும் ஏன் சேராம போகும்?" என்றார்.

வராந்தா மூலையில் தரையில் உட்கார்ந்து அழுதேன். "முருகா, ஒரே ஒரு பாட்டில் சேரட்டும். வேறெதுவும் கேட்கமாட்டேன்." கேட்டுக்கொண்டே இருந்தேன். லேபிலிருந்து ஆள் வந்தார். கடைசியாகப் பார்த்த ரத்தமும் சேரவில்லை என்றார். அப்போது கோபம் வந்தது. சாமியிடமே சண்டை போட்டேன். பிறகு சண்டை போடவும் தெம்பில்லாமல், "எனக்கு வழி தெரியலப்பா. நீயே யார் மூலமாவது காட்டு" என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்தார். திருநெல்வேலிக்காரர், சின்ன வயசு.

"அம்மா, எந்த ரத்தமும் சேரலைங்கறதே எனக்குச் சந்தேகமா இருக்கு. கூம்ப்ஸ் டெஸ்ட்னு ஒண்ணு போடச் சொல்லியிருக்கேன். நோயை எதிர்க்க உடம்புல இருக்கிற சத்து, சில பேருக்குத் தப்பா அவங்க ரத்த அணுமேலயே ஒட்டிக்கிட்டு அதை அழிச்சிரும். அப்படி ஒட்டியிருக்கான்னு இந்த டெஸ்ட் காட்டிரும்."

"ஒட்டியிருந்தா?"

"மருந்து இருக்கு."

அவர் சொன்னது பாதிதான் புரிந்தது. பயம் போகவில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்களில் நாங்கள் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரரும் இருந்தார். அவர் கால்நடை டாக்டர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"பாபி, அண்ணி, கப்ராவோ மத், பயப்படாதீங்க. நாய்க்குக்கூட இந்த பீமாரி, இந்த நோய் வருது. அதுக்கும் இதே டெஸ்ட், டெஸ்டுக்கு ஊத்தற மருந்துத் தண்ணி மட்டும் அலக், வேற. கல்கத்தால படிக்கிறப்ப ஒரு நாய் பார்த்தேன். நிக்கவே முடியாது. தவா, மருந்து குடுத்தோம், ஓட ஆரம்பிச்சிருச்சு."

நாயைப் பற்றிச் சொல்கிறாரே என்று எனக்குத் தோன்றவேயில்லை. அழுதுகொண்டே சிரித்தேன். பிழைத்த ஓர் உயிரைப் பற்றி அன்று முதன்முதலாகக் கேட்டேன்.

டெஸ்டில் அது உறுதியானது. ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இருந்ததில் குறைவாகத் திரண்ட ரத்தத்தைத் தேர்ந்தெடுத்து, டாக்டரம்மா பக்கத்திலேயே நின்று, சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "சரவணபவ" என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரக் கடைசியில் அவர், "மீன் கொழம்பு வைப்பியா?" என்று கேட்டார். நர்சம்மா சிரித்தார். நான் வெளியே போய் வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகும் சுலபமாக இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் அவர் முகம் வீங்கியது, தூக்கம் கெட்டது. மெல்ல மெல்ல அளவைக் குறைத்தார்கள். இன்றும் தவறாமல் ரத்தம் பரிசோதிக்கிறோம். தைப்பூசத்துக்கு அவர் கோயில் படியை யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். மறுவாரம் படகுக்குத் திரும்பினார்.

ஒருநாள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஒண்ணாவது சேந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சேந்திருந்தா ஏத்திட்டு, காரணத்தைத் தேட லேட்டாகியிருக்கும்மா. சேராததாலதான் உடனே அந்த டெஸ்ட் போட்டேன்."

அன்பர்களே, அன்றுதான் எனக்குப் புரிந்தது. முருகன் என் வேண்டுதலைக் கேட்கவில்லை என்று சண்டை போட்டேனே, அந்த 'இல்லை'யில்தான் என் புருஷனின் உயிர் இருந்திருக்கிறது.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வெளித்தீவுகளிலிருந்து கப்பலில் வரும் நோயாளிகளுக்கு இந்த ஊரில் யாருமிருக்க மாட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்திருப்பேன், சாப்பாடு வாங்கிக் கொடுப்பேன். முடிந்தபோது ரத்தமும் கொடுக்கிறேன்.

உங்களில் யாராவது இன்று அப்படியொரு வராந்தாவில் இருக்கலாம். வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். செய்வினை என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். மனசில் உள்ளதையெல்லாம் அவனிடம் சொல்லுங்கள், கோபமாக இருந்தாலும் சொல்லுங்கள். நாம் கேட்ட கதவு திறக்காவிட்டாலும் அவன் நம்மை வெளியில் நிறுத்திவிட்டுப் போகிறவன் இல்லை. நான் கண்டேன்.