பஞ்சாங்கம் பார்த்த பயற்றை விதை

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். வித்து முளைப்பதைக் கரும்பலகையில் படம் படமாகக் கீறியவளுக்கு, ஓய்வுபெற்ற பிறகு வீட்டு வளவில் ஒரு பயற்றங்கொடியை எழுப்ப முடியவில்லை. சண்டிலிப்பாயில் தோட்டம் செய்யும் என் மச்சாளுக்கு, கணவரின் தங்கைக்கு, அதில் நல்ல சந்தோஷம். "ரீச்சருக்குப் படம் கீறத்தான் வரும்" என்று ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் சொல்லிவிட்டாள். பந்தியே சிரித்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இவள் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று.

அவளிடமே ஒரு பிடி விதை வாங்கி இரவு ஊறப்போட்டேன். காலையில் மண்ணைக் கொத்திவிட்டு நிமிர்ந்தால், கணவர் பஞ்சாங்கத்தோடு நிற்கிறார்.

"இண்டைக்கு அட்டமி, நாளைக்கு நவமி. நாளையிண்டைக்குப் போடுவம்."

"விதை ஊறிப்போச்சு."

"இன்னும் நல்லா ஊறட்டும்."

விதைக்கும் மூச்சு வேண்டும், ஓரிரவுக்கு மேல் நீரில் கிடந்தால் அழுகும். நான் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். காய்ந்துவிடும் என்று அவர் திரும்பவும் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தசமியன்று சட்டி நாறியது. அந்த நாற்றத்தைச் சுபநேரத்தில் புதைத்தோம்.

"விதை பழசு" என்று தங்கையிடம் கூசாமல் சொன்னார். அவள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தாள். இன்னொரு பிடி தந்தாள்.

அடுத்த நவமியன்று காலை பத்து மணிக்கு, அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வேண்டுமென்றே ஊன்றினேன். ஊறவைக்கவில்லை. ஈரமண்ணில் விரற்கணு ஆழம், அவ்வளவுதான். திரும்பி வந்தவர் பஞ்சாங்கத்தை விரித்து நவமியைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு கிழமைக்குள் ஒன்றும் தப்பாமல் முளைத்து நின்றன.

மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் வாய் திறக்கமுதல் கணவர் முந்திக்கொண்டார். எங்கள் ஊரில் பஞ்சாங்கம் இரண்டு, வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் மற்றது. ஒன்றின் நேரம் மற்றதற்குச் சரிவராது. வாக்கியத்தைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர், அயல்வீட்டில் திருக்கணிதம் இரவல் வாங்கி வைத்திருந்தார்.

"இதிலை பார். அண்டைக்குக் காலமை எட்டு மணியோடை நவமி முடிஞ்சுது. தசமியிலைதான் போட்டிருக்கு."

மச்சாள் பக்தியோடு தலையாட்டினாள். "அண்ணை, எங்கடை மிளகாய்க் கண்டு நடவும் ஒரு நாள் பாத்துச் சொல்லுங்கோ."

போகும்போது என் தோளைத் தட்டினாள்.

"இனியும் அண்ணை சொல்லுறதைக் கேட்டுப் போடுங்கோ மச்சாள், எல்லாம் முளைக்கும்."

சிரித்துக்கொண்டே ஓம் என்று தலையாட்டினேன்.